பதினைந்து மணி நேர ஆயுசு

பழைய டார்ச் லைட் பல்பின் ஆயுசு எவ்வளவு, சொல்லுங்கள் பார்க்கலாம். இரண்டு கட்டை டார்ச்சில் போடும் பி.ஆர்.2 ரக பல்புக்குக் கணக்கு 15 மணி நேரம்தான். வீட்டுக் குண்டு பல்புக்கோ 1,000 மணி. 'ஏமாத்து வேலை!' என்று கொதிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

டங்ஸ்டன் இழை எவ்வளவு சூடாகிறதோ, அதே மின்சாரத்துக்கு அவ்வளவு கூடுதல் வெளிச்சம் தரும். ஆனால் சூடு ஏற ஏற டங்ஸ்டன் ஆவியாகி இழை இளைத்துவிடும். வோல்டேஜை ஐந்து சதவீதம் கூட்டினாலே ஆயுசு ஏறக்குறைய பாதியாகும். டார்ச்சில் செலவு வைப்பது பேட்டரிக் கட்டைதான். அதை வீணாக்காமல் வெளிச்சத்தைக் கறந்துவிடலாம், பல்ப் போனால் போகட்டும் என்பதுதான் திட்டம். தினம் பத்து நிமிஷம் போட்டால் மூன்று மாசம் வரும்.

நேர்மாறான பல்பும் உண்டு. கலிபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901-ல் ஏற்றிய பல்ப் நூறு வருஷம் தாண்டியும் எரிந்தது. வெளிச்சம்? நாலு வாட், அதுவும் மங்கல். நூறு வயசு வேண்டுமென்றால் அடக்கி வாசிக்கணும்போல!

எங்கள் தாத்தா தீர்ந்த கட்டைகளை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார். மஞ்சளாக அழும் அந்த வெளிச்சத்தில் பல்ப் சாகவே சாகாது. புதுக் கட்டை போட்டால்தான் ஆபத்து. அதுவும் ஸ்விட்ச் போடுகிற நொடியில். குளிர்ந்த இழைக்கு மின்தடை குறைவு. மின்சாரம் பாய்ந்து வரும். இளைத்த இடம் அறுந்துவிடும். கொல்லையில் சருகு சரசரக்க, அவசரமாக ஸ்விட்சைத் தள்ளினால்... 'பட்'! அதற்காகவே சில டார்ச்சுகளின் பின்மூடிக்குள் உபரி பல்ப் ஒன்று ஒளிந்திருக்கும்.

இப்போது எல்.இ.டி. வந்தாச்சு. நீல எல்.இ.டி.யைச் சாதித்த மூவருக்கு 2014-ல் நோபல் கிடைத்தது. வெள்ளை வெளிச்சத்துக்கு அதுதான் ஆதாரம். இதில் அறுந்துபோக இழையே கிடையாது. பெட்டியில் '50,000 மணி நேரம்' என்று போட்டிருந்தால், நம் பத்து நிமிஷக் கணக்கில் எண்ணூறு வருஷத்துக்கு மேல்! அதுவும் அணைந்துபோகும் நாள் அல்ல. பொதுவாக, வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைய ஆகும் காலம்.

அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பல்ப் பிழைத்துக்கொண்டது, மற்றதெல்லாம் பழையபடிதான். ஸ்விட்ச் தேயும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். அலமாரியில் கிடக்கும் டார்ச்சை இன்றைக்கே எடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். எரியாவிட்டால் பல்பைத் திட்டாமல் பின்மூடியைத் திறங்கள். கட்டை ஒழுகியிருக்கும்.