தெற்கே விழும் நிழல்

ஜூன் மாதத்து உச்சி வேளையில் நம் நிழல் எந்தப் பக்கம் விழும்? காரைக்கால் பக்கத்து எங்கள் குரும்பகரத்தில் யாரைக் கேட்டாலும் "காலுக்கடியில" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் "வடக்கே" என்பார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பள்ளி திறந்த புதிதில், "சார், நாம பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கோம். அப்ப சூரியன் நமக்குத் தெற்கே இருக்கணும், நிழல் வடக்கே விழணும். ஆனா கம்பத்து நிழல் தெக்கத் தெருப் பக்கமால்ல விழுது?" என்று கேட்டாள்.

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது; ஜூனில் சூரியன் கடகரேகை வரை போய்விடும்; நாம் அந்த ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். அவளும் தலையாட்டியிருப்பாள், பாடமும் நகர்ந்திருக்கும். ஆனால் அந்த வரியில் அவள் கண்ட நிழலுக்கு இடமே இல்லை. அதனால், "நிழல் எவ்வளவு நீளம் இருந்துச்சும்மா?" என்று திருப்பிக் கேட்டேன். அவளிடம் அதற்கு விடை இல்லை. வகுப்பில் யாரிடமும் இல்லை.

இயற்பியலும் கணிதமும் சொல்லிக்கொடுக்கிறவனாக இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கைவந்த வேலை இந்த ஒன்றுதான் என்பேன். பிள்ளைகள் "ஏன்" என்று கேட்பார்கள். அதற்குள் எங்கோ ஒரு "எவ்வளவு" இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டால் அடுத்த பத்து "ஏன்" அவர்களாகவே கேட்பார்கள்.

பழைய பெயின்ட் டப்பாவில் மணலைக் கெட்டித்து, தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி கட்டுமானக் கம்பி ஒன்றை நட்டோம். செங்குத்தா என்று தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தோம். கம்பியின் அடியை மையமாக வைத்துச் சுண்ணாம்புக்கட்டியால் சிமென்ட் தரையில் ஒரு வட்டம். காலையில் நீளமாக இருக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் மறுபடி நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். காந்த ஊசி வேண்டாம். சூரிய சித்தாந்தம் என்னும் பழைய வானியல் நூல் சொல்லும் சங்கு முறை இதுதான்; கட்டடத்துக்குத் திசை குறிக்க நம் முன்னோர் பயன்படுத்திய வழி.

நுனியைக் குறிப்பதில்தான் சண்டை வந்தது. நிழல் எங்கே முடிகிறது என்று இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை. ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு அது கலங்கலாகவே கிடந்தது. உண்மையில் அந்தக் கலங்கலும் ஓர் அளவுதான். சூரியன் புள்ளியல்ல, வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள தட்டு. ஒரு மீட்டர் தூரத்தில் அரைப் பாகை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கம்பியின் உச்சியில் ஒரு வாஷரை ஒட்டினோம். நடுத்துளை வழியாக வட்டமான ஒளிப்பொட்டு தரையில் விழுந்தது, சண்டை தீர்ந்தது.

மிகக் குட்டையான நிழல் 22 சென்டிமீட்டர், தெற்கே. ஒன்பதாம் வகுப்புக்கு முக்கோணவியல் இன்னும் வரவில்லை. நோட்டில் 10 சென்டிமீட்டர் உயரம், 2.2 சென்டிமீட்டர் நிழல் என்று வரைந்து கோணமானியை வைத்தார்கள்: பன்னிரண்டரைப் பாகை. 23.4-இல் அதைக் கழித்தால் 10.9. "இது என்னன்னு வரைபடத்துல பாருங்க" என்றேன். நம் ஊரின் அட்சரேகை. பெயின்ட் டப்பாவும் கம்பியும் வைத்துக்கொண்டு, பூமி உருண்டையில் தங்கள் ஊர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று அவர்களே எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி அளவிலிருந்தே பிறந்தது. நிழல் மிகக் குட்டையாக இருந்தது 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12 மணி 12 நிமிடத்துக்கு. "கடிகாரம் தப்பா, சூரியன் தப்பா சார்?" இந்திய நேரம் மிர்சாபூர் அருகே ஓடும் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம். காரைக்கால் பகுதி 79.8-ஐ ஒட்டி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிடம், 2.7 பாகைக்குக் கிட்டத்தட்ட 11 நிமிடம். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குக் காரணம், பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் ஒரே வேகத்தில் போகாததும் அச்சின் சாய்வும். நம் ஊரில் ஏப்ரல் 18, 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் உச்சி நிழல் அறவே இல்லாமல் போகும். அந்த இரண்டு நாளுக்கும் இடையே உச்சி நிழல் தெற்கே. மற்ற மாதங்களில் வடக்கே. டிசம்பர் 21 அன்று அதே கம்பிக்கு 68 சென்டிமீட்டர் நிழல்.

ஆனால் "எவ்வளவு" மட்டும் போதுமா? புதுச்சேரியில் நடந்த ஒன்றைப் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன். ஜான் வாரன் என்பவர் 1825-இல் சென்னையில் வெளிவந்த தம் 'கால சங்கலித' நூலில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே அந்த ஆண்டு மே 31, ஜூன் 1-இல் வந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்தார். தொடக்கம் 4 நிமிட வித்தியாசத்துக்குள் பொருந்தியது. நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம் விலகியது. பேனா இல்லை, தாள் இல்லை. அந்த மனிதரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. ஆனால் தாம் செய்யும் கணக்கின் பின்னாலுள்ள தத்துவம் அவருக்குத் தெரியாது என்றும் வாரன் பதிவு செய்கிறார். 52 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அவரிடம் வழி இல்லை. அளவு கிடைத்ததும் மறுபடி "ஏன்"-க்குத் திரும்பினால்தான் தப்பைத் திருத்த முடியும். கம்பி நிழலில் அந்த மிச்ச நிமிடங்களை நான் விடாமல் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

காவிரிக் கடைமடைப் பிள்ளைகளின் கேள்விகளில் தண்ணீர் இல்லாமல் இருக்காது. நெடுங்காடு கொம்யூனில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வயல், வாய்க்கால். கண்ணுக்குத் தட்டையான தரை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தாலும் தண்ணீர் இங்கே வந்து சேர நாளாகும். ஒரு விவசாயி வீட்டுப் பையன், "தரை மட்டமாத்தானே இருக்கு, தண்ணிக்கு மட்டும் கெழக்கன்னு எப்படித் தெரியுது?" என்றான். கொத்தனாரிடம் கேட்டு, மட்டம் பார்க்கிற, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை வாங்கி வந்தோம். டியூபில் நீரை நிரப்பி இரு முனையையும் தூக்கிப் பிடித்தால், நடுவில் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அளவு குறித்த மூங்கில் கழி இரண்டை வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போனோம். முதலில் தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுவதாகக் கணக்கு வந்தது. டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்ததை ஒரு சிறுமி கண்டுபிடித்தாள். அதை வெளியேற்றிவிட்டு மறுபடி அளந்தால், இருநூறு மீட்டர் நடந்தும் இறக்கம் ஒரு சாண்கூட இல்லை. அவ்வளவு சிறிய சரிவே தண்ணீருக்குப் போதும். சரிவு நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான் கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கரையில் புல் மண்டினால் அந்த வேகமும் போய்விடும் என்று பையனே முடித்தான். அவன் அப்பா தூர் வாரச் சொல்லி ஆண்டுதோறும் அலைவது அதற்காகத்தானே.

"கடல் ஏன் நீலம்" என்பது சி.வி. இராமனே கேட்ட கேள்வி. 1921-இல் நார்குண்டா கப்பலில் திரும்பும்போது, நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்று ஒரு நிக்கோல் பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பை வடிகட்டிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் கேட்பது வேறு: ஐப்பசி, கார்த்திகையில் காரைக்கால் கடல் ஏன் செம்மண் நிறம்? பழுதான கால்குலேட்டரின் திரையிலிருந்து உரித்த தகட்டைக் கண்முன் பிடித்து, வாய்க்கால் நீரைச் சாய்வாகப் பார்த்தபடி மெல்லத் திருப்பினால் ஒரு நிலையில் வானத்தின் பளபளப்பு அணைந்து, நீருக்குள் மிதக்கும் வண்டல் அப்படியே தெரியும். இராமன் செய்ததையேதான் செய்கிறோம். ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலை ஒரு பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால் மறுநாள் மேலே தெளிநீர்.

இங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு பாடத்தை முடிக்கிற அவசரம் கூடியிருக்கிறது. இப்படி அளந்துகொண்டிருக்க நேரம் ஏது என்று கேட்கும் ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாக் கேள்விக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. பருவத்துக்கு ஒன்றிரண்டு கேள்வியை முழுதாக அளந்து பார்த்தால், மற்றவற்றுக்கு வாயால் சொல்லும் பதிலையும் அவர்கள் சோதிக்கும் கண்ணோடு கேட்பார்கள்.

கணிதக் கேள்விகளில் அளக்க எதுவும் கிடையாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 என்று ஆசிரியர் சொன்னபோது, பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தாலும் ஒன்றா என்று கும்பகோணத்தில் சிறுவன் இராமானுஜன் கேட்டதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் அதையே இயற்பியலிலிருந்து கேட்டான்: "வேகம்னா தூரத்தை நேரத்தால வகுக்கறது. ஒரே ஒரு கணத்துல தூரமும் ஜீரோ, நேரமும் ஜீரோ. அப்ப பஸ்ஸோட ஸ்பீடாமீட்டர் எதைத்தான் காட்டுது?"

விழும் கல்லை எடுத்துக்கொண்டோம். t நொடியில் அது 4.9 t² மீட்டர் விழும். முதல் நொடி முடிந்த அந்தக் கணத்தில் வேகம் என்ன? 1-ஆம் நொடியிலிருந்து 2-ஆம் நொடி வரை சராசரி 14.7. இடைவெளியை 0.1 ஆக்கினால் 10.29. 0.01-க்கு 9.849. 0.001-க்கு 9.8049. கரும்பலகையில் அவனே எழுதிக்கொண்டு வந்தான். பின் பெஞ்சில் ஒருத்தி அவனுக்கு முன்பே கணக்கிட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள். 0.0001 போடட்டுமா என்றான். போடச் சொன்னேன்: 9.80049. "ஜீரோவை வைக்கவே கூடாது சார், ஆனா அது எங்க கொண்டுபோய் விடுதுன்னு தெரியுது" என்று 9.8-ஐ எழுதிச் சுற்றிலும் வட்டம் போட்டான். "அப்ப இராமானுஜன் கேட்டதுக்கு விடை 1-ஆ, 9.8-ஆ?" என்றாள் பின் பெஞ்சுக்காரி. 2-ஆம் நொடிக்கும் இதையே செய்து பார்க்கச் சொன்னேன். 19.6 வந்தது.