நிற்கும் வண்டியிலும் பிரேக் பழுது இருக்கலாம்



மிதித்தால் வண்டி நிற்கிறது. ஆகவே பிரேக் நன்றாக இருக்கிறது என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். பழைய பிக்கப் வண்டிகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஆபத்தானது. பின் சக்கரங்களின் பிரேக் முற்றிலும் செயலிழந்த பிறகும் அவ்வண்டி பல வாரங்கள் ஓடக்கூடும்.

இதற்குக் காரணம் உண்டு. இத்தகைய வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனி அறைகள் இருக்கின்றன. ஒன்று முன் சக்கரங்களுக்கும் மற்றொன்று பின் சக்கரங்களுக்கும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வண்டியை நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. சுமையற்ற வண்டியை நிறுத்தும்போது எடை முன்பக்கம் சாய்வதால், முன் பிரேக்கே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. சுமை ஏற்றிய பின்னர்தான் பின் சக்கரங்களின் குறை வெளிப்படுகிறது. நம்மைக் காப்பதற்காக அமைந்த ஏற்பாடே குறையை மறைத்தும் விடுகிறது.

எங்கள் மத்ரஸாவில் ஒரு பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. விடுதி மாணவர்களுக்கான அரிசியும் காய்கறியும் அதில்தான் வருகின்றன. ஒரு நாள் கோத்தகிரியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளுடன் மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கும்போது முன் சக்கரங்களிலிருந்து கருகிய வாடை எழுந்தது. ஓட்டுநர் இரண்டாம் கியரிலேயே மெல்ல இறக்கி, அகலமான ஓர் இடத்தில் நிறுத்தி, சூடு ஆறிய பிறகே புறப்பட்டார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் தீங்கில்லை.

முதலில் பார்த்த பணிமனையில் பின் சக்கரங்களின் வீல் சிலிண்டர்கள் இரண்டையும் மாற்றினார்கள். பயனில்லை. அடுத்து மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள். அப்போதும் பின் சக்கரங்கள் பிடிக்கவில்லை. பின்னர் வயதில் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். அவர் சொன்னார்: "ஹஜ்ரத், சாமான் மாத்துறது அப்புறம். ஆயில் எதுவரைக்கும் வருதுன்னு முதல்ல பார்ப்போம்."

முன் சக்கரங்களுக்கு கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் உறுதியான தாங்கிகளை வைத்தார். வெறும் ஜாக்கியை நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்று தம் பையனிடம் கண்டிப்பாகக் கூறினார். பெடலை மிதித்தபோதும் பின் சக்கரங்கள் தடையின்றிச் சுழன்றன. ஆனால் ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் இரண்டும் இறுகி நின்றன. எங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் கம்பியும் அதே பிரேக் ஷூக்களைத்தான் விரிக்கிறது. ஆகவே ஷூவிலும் டிரம்மிலும் குறையில்லை. அழுத்தம் வந்து சேரவில்லை என்பது தெளிவாயிற்று.

பெடலும் ஒரு செய்தி சொன்னது. ஆயில் கசிந்தால் பெடல் மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும். காற்று புகுந்திருந்தால் பஞ்சுபோல் அமுங்கும். எங்கள் வண்டியின் பெடலோ கல்லைப்போல் உறுதியாக இருந்தது. கசிவுமில்லை, காற்றுமில்லை, எங்கோ அடைப்பு. இரு சக்கரங்களும் ஒருசேரச் செயலிழந்திருந்ததால், அடைப்பு இரண்டுக்கும் பொதுவான பாதையில்தான் இருக்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரின் பின் குழாய் நட்டைச் சற்றுத் தளர்த்தி மிதிக்கச் சொன்னார், ஆயில் பாய்ந்தது. லோடு சென்ஸிங் வால்வைத் தாண்டிய இடத்திலும் பாய்ந்தது. சேஸிஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு இறங்கும் ரப்பர் ஹோஸின் மேல்முனை வரை வந்தது. கீழ்முனையில் ஓரிரு சொட்டுகளே விழுந்தன. ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொருவராக ஆராயக் கற்பிக்கும் எங்களுக்கு அந்த முறை அந்நியமாகத் தோன்றவில்லை.

கழற்றிய ஹோஸின் வெளிப்புறத்தில் ஒரு வெடிப்புகூட இல்லை. நறுக்கிப் பார்த்தால், வயதான உட்புற ரப்பர் உப்பி, துவாரம் ஊசிக்கண்ணளவுக்குச் சுருங்கியிருந்தது. இரண்டு பணிமனைகளின் செலவைவிட அந்த ஹோஸின் விலை மிகக் குறைவு. புதிய ஹோஸ் பூட்டி, பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, தூரமான சக்கரத்தில் தொடங்கி வரிசையாகக் காற்றெடுத்தார். வெற்று மைதானத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே வண்டியைச் சாலைக்கு அனுப்பினார்.

பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடலாம். மலைச்சாலையில் அந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஆயிலை மாற்றுங்கள். அவசரத்துக்குக்கூட அதில் எஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள். ரப்பர் பாகங்கள் அனைத்தும் உப்பிக் கெடும். சர்வீஸின்போது, பின் சக்கரங்களைத் தூக்கிப் பெடலை மிதித்துப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

நம் வண்டியில் ஏறுவோரின் உயிரும் நம் வண்டிக்கு முன்னால் சாலையைக் கடக்கும் பிள்ளையின் உயிரும் நம்மிடமுள்ள அமானிதம். அடுத்த முறை சுமை ஏற்றுவதற்கு முன் அந்த ஐந்து நிமிடங்களை ஒதுக்குங்கள்.