மெலிந்தால் வருத்தம், நொந்தால் வாயு

கனடாவிலிருந்து புங்குடுதீவுக்கு வருகிறவர் நடந்து, சோற்றைக் குறைத்து, பத்துக் கிலோ இறக்கியிருப்பார். படலையிலேயே பெரியம்மா கேட்பார்: "என்ன ராசா, இப்பிடி மெலிஞ்சு போனாய்? ஏதும் வருத்தமோ?" பின்னேரத்துக்குள் பிட்டு, கணவாய்க் கறி, சீனி தூக்கலாய் ஒரு தேத்தண்ணி. 1990-களில் போரால் வந்த இடப்பெயர்வையும் பொருளாதாரத் தடையையும் கண்ட தலைமுறை அது. மெலிந்த உடம்பைக் கண்டால் அவர்களுக்குப் பட்டினிதான் நினைவுக்கு வரும். உணவுக் கட்டுப்பாடு எழுதிக் கொடுக்கிறவர்கள் பெரியம்மாவையும் கூப்பிட்டு இருத்திப் பேசவேண்டும்.

*

அதே காலத்தில் கியூபா. சோவியத் உதவி நின்று எண்ணெய் தட்டுப்பட, அரசு சைக்கிள்களைக் கொடுத்தது. 1991க்கும் 1995க்கும் இடையில் சராசரியாக ஆளுக்கு 5.5 கிலோ குறைந்தது. பின்னால் நீரிழிவுச் சாவும் மாரடைப்புச் சாவும் குறைந்தன. சாப்பாடு திரும்பியதும் நிறையும் திரும்பியது, நீரிழிவும் ஏறியது. யாழ்ப்பாணத்திலும் அப்போது பெற்றோல் இல்லை; டொக்டரும் வாத்தியாரும் சைக்கிள்தான். பிறகு தடை நீங்கிப் பாதை திறந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. வேறு வழியில்லாமல் மிதித்தவர் வழி கிடைத்ததும் இறங்கிவிட்டார். இதைச் சோம்பல் என்று திட்டுவதில் நியாயமில்லை. அந்தக் காலம்தான் ஆரோக்கியமான காலம் என்று சிலாகிக்கிறவர்களிடமும் எனக்குப் பொறுமை இல்லை. ஷெல்லுக்குப் பயந்து ஓடியதும் உடற்பயிற்சியா?

*

நெடுந்தீவில் கல்வேலிக்குள் ஒரு வளவு. விடிய எழும்பிக் கிணற்றில் அள்ளி மாட்டுக்குத் தண்ணீர் வார்த்து, பாத்தி கிண்டிப் பனங்கிழங்கு எடுத்து, தோலுரித்துக் கிழித்து ஒடியலுக்குக் காயப்போட்டவருக்கு அறுபது தாண்டியிருக்கும். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. கிளினிக்கில் கேட்டார்களாம்: "அம்மா, எக்சசைஸ் செய்யிறனீங்களோ?" "எனக்கெங்க பிள்ளை அதுக்கு நேரம்?" அட்டையில் 'இல்லை' என்று விழுந்தது.

இதற்கு அலியா கிரம்மும் எலன் லாங்கரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு பொருந்தும். அமெரிக்காவில் ஏழு ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யும் 84 பெண்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், நீங்கள் செய்கிற வேலையே நல்ல உடற்பயிற்சி என்று விளக்கினார்கள். நான்கு வாரத்தில் அவர்களுக்கு நிறையும் இரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கின. வேலை கூடவில்லை என்றுதான் அவர்களே சொன்னார்கள். எனக்குச் சந்தேகம் உண்டு: கேட்ட உற்சாகத்தில் இன்னும் சுறுசுறுப்பாய்த் துடைத்திருக்கலாம், சாப்பாட்டையும் குறைத்திருக்கலாம். எப்படியானாலும் அந்த அட்டையில் 'ஓம்' என்று எழுதச் செலவில்லை.

*

ஆய்வாளர் ஜெரி மொரிஸ், 1953: லண்டன் பஸ்ஸில் மாடி ஏறி இறங்கும் கண்டக்டர்களை விட, இருந்தே ஓட்டும் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். மூன்று வருடம் கழித்து அவரே சீருடைக் கணக்கைக் கிண்டினார். டிரைவர்களின் காற்சட்டை இடுப்பு அகலம். வேலைதான் வயிற்றை வைத்ததா, வயிறு வைத்தவர்தான் அந்த வேலைக்குப் போனாரா?

*

பழக்கம் 21 நாளில் வரும் என்பது மேடைப் பேச்சு. ஆய்வாளர் ஃபிலிப்பா லாலி லண்டனில் 96 பேரைக் கவனித்ததில் இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மதிப்பிட்டார். ஒரு நாள் தவறினால் குடி முழுகவில்லை. நாளாந்தம் நடக்கிற ஏதாவதொன்றோடு புதியதைக் கோர்த்துவிடுவதுதான் சூட்சுமம். நயினாதீவில் அதற்கு போன் அலாரம் தேவையில்லை. நாகபூசணி அம்மன் கோயிலில் பின்னேரப் பூசை மணி கேட்கும். ஓட்டோவை விட்டுவிட்டு நடந்து போகலாம்.

*

மனதைத் தேற்றினால் இதயம் தேறிவிடும் என்று எழுதுகிறவர்கள் 2003இல் முடிவு வந்த 'என்ரிச்ட்' ஆய்வைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாரடைப்பு வந்த 2,481 பேரில் ஒரு பகுதியினருக்கு மனச்சோர்வுக்கும் தனிமைக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். சோர்வு குறைந்தது, சாவு குறையவில்லை. சிகிச்சை வீண் என்று அர்த்தமில்லை. சோர்வு குறைவதே பெரிய காரியம். போர் தந்த மனக்காயம் உடம்பு நோவாக வெளிப்படுவதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்தே எழுதியிருக்கிறார். ஆனால் "இது மனதால வாற நோ" என்று ஈசீஜீ எடுக்காமல் அனுப்பக்கூடாது.

*

நெஞ்சு நோவை நோயாளியே வேறு பெயர் சொல்லித் தள்ளிப்போடுவதும் உளவியல்தான். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம்; பிறகு புங்குடுதீவு, வேலணை கடந்து பண்ணையால் யாழ்ப்பாணம். இரவு பத்து மணிக்கு நெஞ்சு இறுகினால் "வாயுதான்" என்று சீரகத் தண்ணீர் குடித்து, காலைப் படகு மட்டும் பார்ப்போம் என்று படுக்கிறார்கள். ஆட்களை எழுப்பக் கூச்சம், கடலில் போகப் பயம், செலவு. ஆனால் அவசர நோயாளியைக் கடற்படைப் படகில் இரவிலேயே கொண்டுபோகிறார்கள். வியர்த்து, இடது கையும் தாடையும் இறுகினால் வாயுவா இல்லையா என்று வீட்டில் தீர்மானிக்காமல் தீவு ஆஸ்பத்திரிக்கு அப்போதே போய்ச் சொல்லவேண்டும்.