தை மாதத்துப் போகி

திங்கள், இரவு

ஊருக்கெல்லாம் மார்கழிக் கடைசி நாளில் போகி. புத்தகத்துக்குப் பக்கம் வடிவமைக்கிற எங்களுக்குச் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த பிறகுதான். பிழைதிருத்தம், அட்டை, மறுபடி பிழைதிருத்தம் என்று இரண்டு மாதம் ஓடியதில் டி டிரைவின் பட்டை சிவந்துவிட்டது. ஒரு டெராபைட் என்று வாங்கிய வட்டு. கணினி அதை 931 ஜிபி என்றுதான் காட்டும். அதில் மிச்சம் நாலு. காலையில் ஒரு பிடிஎஃப் பாதியிலேயே நின்றுபோனதும், மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுக் குப்பை அள்ள உட்கார்ந்தேன்.

முதல் ஃபோல்டரே நகரவில்லை. உள்ளே உள்ள கோப்பு ஒன்று வேறொரு மென்பொருளில் திறந்திருக்கிறதாம், மூடிவிட்டு வரவேண்டுமாம். எந்த மென்பொருள் என்று மட்டும் வாய் திறக்காது. இன்டிசைனை மூடினேன். போட்டோஷாப்பை மூடினேன். பாடிக்கொண்டிருந்த சீர்காழியையும் நிறுத்தினேன். ம்ஹூம்.

ரீஸ்டார்ட் போட்டால் போய்விடும் என்பது தெரியும். ஆனால் யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் விட மனசு வரவில்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ரிசோர்ஸ் மானிட்டருக்கு ஒரு வழி இருக்கிறது. அங்கே சிபியு பக்கத்தில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ என்ற பகுதி. தேடும் கட்டத்தில் ஃபோல்டர் பெயரில் பாதியைத் தட்டினால் போதும், பிடித்திருக்கிற ஆள் வந்து நிற்கிறார். வந்தவர் ‘ப்ரிவ்ஹோஸ்ட்’. வலது ஓரத்தில் கோப்பின் முன்தோற்றத்தைக் காட்டுகிற பலகைக்கு வேலை பார்ப்பவர். அழிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன் அல்லவா, அந்தப் பார்வைதான் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆல்ட்டையும் பி-யையும் சேர்த்து அழுத்திப் பலகையை மூடினேன். ஃபோல்டர் போயேபோய்விட்டது.

செவ்வாய்

பேராசிரியரின் கோயில் வரலாற்று நூல். எட்டு முறை திருத்தினார். ஒவ்வொரு முறையும் இதுதான் இறுதி என்பார்; நானும் நம்பி, இருந்த ஃபோல்டருக்குள்ளேயே ‘இறுதித்திருத்தம்’ என்று இன்னொன்று போடுவேன். ஐந்தாவது திருத்தத்தில் நூல் முழுக்கக் ‘கோவில்’ என்பதைக் ‘கோயில்’ ஆக்கச் சொன்னார். ஏழாவதில் திரும்பவும் ‘கோவில்’. தொல்காப்பியம், நன்னூல், உடம்படுமெய் என்று முக்கால் மணி நேரம் தொலைபேசியில் பாடம் நடந்தது. மறுக்க எனக்குப் படிப்புப் போதாது.

இன்று அந்தக் கொத்தை அழிக்கப்போனால் பாதை நீளமாக இருக்கிறது என்கிறது கணினி. டிரைவ் எழுத்தில் தொடங்கிக் கோப்பின் பெயர் வரைக்கும், கடைசியில் வரும் கண்ணுக்குத் தெரியாத முற்றுக்குறியையும் சேர்த்து 260 குறிகள். விண்டோஸின் பழைய கணக்கு அது. என் ஃபோல்டர்கள் அப்படியொன்றும் நீளமாகத் தெரியவில்லையே என்று எண்ணிப் பார்த்தேன். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ‘இறுதித்திருத்தம்’ நமக்கு ஒன்பது எழுத்து. யூனிகோடுக்குப் பதினாறு. ‘று’ என்பது றகரமும் உகரக் குறியும். ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும். எட்டு அடுக்குக்கு என் கணக்கில் 72, அதன் கணக்கில் 128, நடுவே வரும் சாய்கோடுகள் தனி. தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு 260 சீக்கிரமே தீர்ந்துவிடும்.

அப்படியானால் எல்லையைத் தாண்டி முதலில் உருவானது எப்படி? நான்தான். போன வருடம் இந்தக் கொத்தை அப்படியே தூக்கிப் ‘பழைய வேலைகள்’ என்ற ஃபோல்டருக்குள் போட்டேன். ஒரே டிரைவுக்குள் நகர்த்தும்போது மேல் பெயரைத்தான் விண்டோஸ் பார்க்கும். அதற்கு அடியில் உள்ள பாதைகள் எல்லாம் ஓசைப்படாமல் நீண்டுவிடும். 2016-இல் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு மேம்பாட்டில் இந்த எல்லையைத் தளர்த்த வழி வைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் தன் பங்குக்கு அதை ஒத்துக்கொண்டால்தான் பலன்.

மேலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினேன்: அ, ஆ, இ, ஈ. ‘ஊ’ வந்தபோது பாதை குட்டையாகிவிட்டது. அரிச்சுவடியில் ஆறு எழுத்தோடு பேராசிரியரின் எட்டுத் திருத்தமும் போயின.

புதன்

‘ஆக்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர், ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அக்கா மகன் தீபாவளிக்கு வந்தபோது தன் லினக்ஸ் மடிக்கணினியில் என் வெளி வட்டைச் செருகினான், அப்போது போட்டது. திறந்தால் திறக்கவில்லை, பெயர் மாற்றினால் மாறவில்லை, அழித்தால் இப்படி ஒன்று கிடையவே கிடையாது என்பதுபோல் பதில். போன் போட்டேன்.

“ஐயோ சித்தி, அது கார்ல ஆக்ஸ் வயர்ல போடுறதுக்கு வச்ச பாட்டு! விண்டோஸ்ல அந்தப் பேரு வைக்கவே கூடாது.”

“நீதானடா வச்ச?”

“லினக்ஸ்ல வைக்கலாம் சித்தி. நீங்க அப்படியே வச்சிருங்க, பொங்கலுக்கு வந்து அழிச்சுத் தரேன்னேனே…”

பொங்கல் போய் மூன்று வாரமாகிறது.

பல வருடங்களுக்கு முன்னால் எல்லோர் மின்னஞ்சலுக்கும் ஒரு மடல் வந்துகொண்டிருந்தது. ‘கான்’ என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்கவே முடியாது, கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர், பில் கேட்ஸாலேயே காரணம் சொல்ல முடியவில்லை என்று. நானும் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். காரணம் ஒன்றும் ரகசியமில்லை. 1970-களின் சிபி/எம் இயங்குதளத்தில் கருவிகளுக்குக் கோப்பைப் போலவே பெயர் உண்டு. விசைப்பலகையும் திரையும் சேர்ந்தது ‘கான்’. பிறகு வந்த டாஸில் அச்சுப்பொறி ‘பிஆர்என்’, துணைக் கருவிக்கான வாய் ‘ஆக்ஸ்’, போட்டதெல்லாம் காணாமல்போகிற பாழ்ங்கிணறு ‘நல்’. 1981-இல் வந்த முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. 1983-இல் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர் வந்தபோது, பழைய மென்பொருள்கள் தடுமாறக் கூடாது என்று அந்தப் பெயர்களை எல்லா ஃபோல்டருக்குள்ளும் செல்லுபடியாக்கினார்கள். ஆக, நான் போடுகிற ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அச்சுப்பொறி நிற்கிறது. அச்சுத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் இது தெரியாமல் போயிற்று.

விடை: கமாண்ட் ப்ராம்ப்டில் ஆர்டி கட்டளை, /எஸ் சேர்த்து, முழுப் பாதைக்கு முன்னால் \\?\ என்ற நாலு குறிகள். ‘நீ அர்த்தம் பண்ணாதே, எழுதியிருக்கிறபடி அப்படியே கொண்டுபோய்க் கொடு’ என்று விண்டோஸிடம் சொல்கிற முன்னொட்டு அது. பெயரின் கடைசியில் இடைவெளியோ புள்ளியோ ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்கிற ஃபோல்டருக்கும் இதுவே மருந்து. நேற்றைய நீளப் பாதைக்கும் இதுவே செல்லுபடியாகியிருக்கும். நேற்றுத் தெரியாது.

பாட்டை முதலில் நகல் எடுத்து வைத்திருக்கலாம். சொல்லிக்கொள்வோம்.

வியாழன்

பழைய கணினியிலிருந்து கழற்றிய வட்டு. அனுமதி இல்லை என்கிறது. வீடு என்னுடையது, பட்டா பழைய பெயரில். உரிமையாளர் இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண். அந்தக் காலத்து நான்தான் அது. விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் பெயர் மறந்து எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘டேக்ஓன்’ கட்டளையில் பெயர் மாற்றம், ‘ஐகாக்ல்ஸ்’ கட்டளையில் அனுமதி. பத்து நிமிடம். விண்டோஸின் சொந்த ஃபோல்டர்களில் இந்த வேலையைக் காட்டக் கூடாது. ‘டிரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்று உரிமையாளர் பெயர் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

சனி

இன்றைக்குத்தான் அடி.

‘கோவில்’ என்று ஒரு ஃபோல்டர், பேராசிரியர் நூலின் படங்கள். டெலிட் அழுத்தினேன். வேறு ஜன்னலில் வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் ‘கோவில்’ அங்கேயே நிற்கிறது. ஒரு வாரமாக முரண்டு பிடிக்கிற ஃபோல்டர்களோடு மல்லுக்கட்டியவளுக்கு என்ன தோன்றும்? இதுவும் அந்த ஜாதி என்று ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினேன். போய்விட்டது. நிரந்தரமாக அழிக்கவா என்ற வழக்கமான கேள்வியைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை, அத்தனை சமர்த்து. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ரீசைக்கிள் பின்னைக் கழுவப்போனபோது அதற்குள் ‘கோவில்’. அப்படியானால் ஷிஃப்ட் போட்டு அழித்தது எது?

இருந்தவை இரண்டு. ஒன்று நான் தட்டியது. ‘கோ’வின் ஓகாரக் குறி ஒரே குறியீடு. இன்னொன்று அட்டை வடிவமைப்பாளரின் பழைய மேக்கிலிருந்து ஜிப்பாக வந்தது. அந்த மேக் கோப்புப் பெயர்களைப் பிரித்துச் சேமிக்கும். ஓகாரம் அங்கே ஏகாரக் கொம்பு தனி, கால் தனி. திரையில் சேர்ந்து அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். விண்டோஸ் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஒன்று ஆறு குறி, மற்றொன்று ஏழு. பெயர் வேறு, ஆள் வேறு. பின்னில் இருப்பது நான் சுத்தம் செய்த படங்கள், நல்லவேளை. போனது அவருடையது.

அவருக்கு விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஜிப் கெட்டுவிட்டது என்று ஒரு பொய் சொன்னேன். பாவம், ராத்திரியே மறுபடி அனுப்பிவிட்டார். என்னுடையதைப் பின்னிலிருந்து மீட்டு, அவருடையதை அதே இடத்தில் பிரித்தேன். பக்கத்தில் பக்கத்தில் மறுபடியும் இரண்டு கோவில்.

அவருடையதைக் ‘கோயில்’ என்று மாற்றினேன். பேராசிரியருக்குத் தெரிய வேண்டாம்.