அரண்மனைக்குள் துணி காயும் ஊர்!

குரோஷியா டூர் என்றாலே எல்லோரும் டுப்ரோவ்னிக் கோட்டை மதிலைத்தான் காட்டுவார்கள். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அட்ரியாட்டிக் கடற்கரையில் ஒரே ஓர் ஊரைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், என் ஓட்டு ஸ்ப்ளிட் நகருக்கு.

இங்கே இருக்கும் ரோமானிய அரண்மனைக்குள் நுழைய டிக்கெட் தேவையில்லை. காய்கறிப் பையோடு வீடு திரும்புகிறவர்களுடன் நடந்தாலே உள்ளே போய்விடலாம். ஏனென்றால், அவர்கள் வீடே அரண்மனைக்குள்தான் இருக்கிறது! 1,700 ஆண்டுப் பழைய தூண்களுக்கு நடுவே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கொடியில் காயும் துணி.

கட்டியவர் பேரரசர் டயோக்ளீஷியன். கி.பி. 305-ல் தானாகவே பதவியைத் துறந்து, சொந்த மண்ணுக்குத் திரும்பியவர். ‘மறுபடியும் அரியணை ஏறுங்கள்’ என்று அழைத்தவர்களிடம், ‘என் கையால் வளர்த்த முட்டைக்கோஸைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்’ என்றாராம். கிழக்கு வாசலுக்கு வெளியே இன்றும் காய்கறிச் சந்தை கூடுகிறது. முட்டைக்கோஸும் கிடைக்கும்!

தோட்டக்காரத் தாத்தா என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்தவர்களைக் கொடூரமாக ஒடுக்கியவரும் இவரே. பக்கத்து சலோனா நகரின் பிஷப் டோம்னியஸ் 304-ல் கொல்லப்பட்டது இவர் ஆட்சியில்தான். தனக்கென இவர் எண்கோண வடிவில் கட்டிக்கொண்ட கல்லறை மண்டபம் இப்போது கதீட்ரல். அது யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? அதே டோம்னியஸ் பெயரில்! பேரரசரின் கல் சவப்பெட்டி போன இடம் தெரியவில்லை. எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்ஸ் மட்டும் அருகில் இன்னும் படுத்திருக்கிறது.

7-ம் நூற்றாண்டில் சலோனா படையெடுப்பில் அழிந்தது. உயிர் தப்பியவர்கள் இந்த மதிலுக்குள் தஞ்சம் புகுந்து, கிடைத்த இடத்தில் சுவர் எழுப்பிக் குடியேறினார்கள். அன்று முதல் அரண்மனை காலியானதே இல்லை.

தவறவிடக் கூடாதது, நிலவறை. (இதற்கும் கதீட்ரலுக்கும் டிக்கெட் உண்டு.) மேலே குடியிருந்தவர்கள் தரையில் ஓட்டை போட்டு, குப்பையையும் கழிவையும் பல நூற்றாண்டுகள் இதற்குள் கொட்டினார்கள். முகத்தைச் சுளிக்க வேண்டாம். அந்தக் குப்பைதான் நிலவறையைக் காப்பாற்றியது! பிற்காலத்தில் தோண்டிச் சுத்தம் செய்தபோது, வளைவுகள் பெரிய சேதமின்றி நின்றன. மேலே இருந்த அறைகளின் அமைப்பிலேயே கீழறைகளும் கட்டப்பட்டிருந்ததால், இடிந்துபோன பேரரசரின் அறைகள் எப்படி இருந்தன என்பதும் தெரிந்தது.

இந்த இடம் 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மக்கள் குடியிருந்ததால் பிழைத்த அரண்மனை இது. இப்போதோ இந்த வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலாப் பயணிகளுக்கான வாடகை அறைகளாக மாறுகின்றன. நிரந்தரமாக வசிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் மதிலுக்கு வெளியே ரூம் எடுங்கள். உள்ளே இரவில் நடந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், மாடியில் யாரோ ஒரு பாட்டி தூங்கிக்கொண்டிருக்கலாம்.

2023 முதல் குரோஷியாவில் யூரோதான் நாணயம். ஷெங்கன் விசா போதும். ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டம் நெரியும். மே அல்லது செப்டம்பர் நல்லது. கூரையில்லாத வட்ட மண்டபத்தில் சில ஆண்கள் வாத்தியமே இல்லாமல் ‘கிளாபா’ பாடிக்கொண்டிருந்தால், செல்போனைப் பையில் போட்டுவிட்டுக் கேளுங்கள். வட்டச்சுவரில் மோதி அந்தக் குரல்கள் திரும்பிவருவது வீடியோவில் சரியாகப் பதிவாகாது.