முகவரிக்கு உரியவர் யார்?

குடியிருப்பவரும் முகவரிக்கு உரியவரும் எப்போதும் ஒருவரல்லர். பதுளைத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்த எனக்கு இஃது ஏட்டறிவன்று. எங்கள் காம்பராவுக்கெனத் தனி முகவரி இருந்ததில்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கே வந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிருவாகம் மாறியும், முகவரி எம் கைக்கு வரவில்லை.

கலைப்பீட மாணவனாகிய நான் இதே வினாவைக் கணினியுலகிலும் கண்டு வியந்தேன். இணையத்தில் இயங்கும் சேவைக்கு ஐ.பி. முகவரி எனும் எண் வேண்டும். மேகக் கணிமை நிறுவனத்தில் இடம் வாடகைக்குப் பெறுவோர் பொதுவாக எண்ணையும் அங்கேயே இரவல் பெறுவர். இடம் மாறினால் எண் போய்விடும்; அதனை நம்பி அனுமதித்தோரிடமெல்லாம் புதிதாக அறிமுகமாக வேண்டும்.

சொந்த முகவரியுடன் குடிபுகும் வசதியை அமேசான் 2018இல் அளித்தது. அதற்கு, குறைந்தது 256 எண்கள் கொண்ட தொகுதி, நம் பிராந்தியத்துக்குரிய ஏப்னிக் போன்ற பதிவகத்தில் தம் பெயரில் இருத்தல் வேண்டும். அத்தொகுதியை இணையத்தில் அறிவிக்க இன்ன நிறுவனத்துக்கு அனுமதியுண்டு என உரியவர் மின்னொப்பமிட்ட சான்றைப் பதிவுசெய்வார். நிறுவனம் அறிவிக்கும், உரிமையோ அவரிடமே நிற்கும். வேண்டும்போது மீட்டு, வேறிடம் கொண்டு செல்லலாம்.

இவ்வேற்பாட்டின் உயிர்நாடி பதிவேட்டிலுள்ள பெயரே. மலையக மக்கள் காணியுறுதி கேட்பதும் இதன் பொருட்டே: நிருவாகம் எவரிடம் மாறினும், வீட்டின் இலக்கமும் அதற்கு வரும் கடிதமும் குடியிருப்பவருடையனவாக வேண்டும்.