கோரைப்பல்லில் ஒரு கோடு

2024 ஜூன் 10, திங்கள். பதுளை

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் இன்று நாற்பத்தொரு பிள்ளைகளின் வாய் பார்த்தேன். சொத்தை வழக்கம்போல. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் மேல் முன்பல்லில் நகத்தால் கீறியதுபோல ஒரு குறுக்குக் கோடு. ஊசிமுனையை மெல்ல இறக்கினால் பள்ளம் தட்டுகிறது. மொனராகலைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடி வரும் வெள்ளை, பழுப்புத் திட்டு அல்ல இது. எனாமல் வளராமல் நின்ற இடம்.

அந்தப் பல்லின் எனாமல் பிறந்த மூன்று மாதத்தில் உருவாகத் தொடங்கி நாலைந்து வயதில் முடிந்துவிடும். இடையில் கடும் காய்ச்சலோ விடாத வயிற்றோட்டமோ பசியோ வந்தால் வேலை தடைப்படும். உடம்பு தேறிய பிறகும் அந்தப் பள்ளம் நிரம்புவதில்லை. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், எனாமலுக்கு அது தெரியாது. கோடு இருக்கும் உயரத்தை அளந்தால் எந்த வயதில் விழுந்தது என்று ஏறக்குறையச் சொல்லலாம்.

ரெண்டு வயசு வாக்கில் பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையா என்று கூட வந்திருந்த அம்மாயியிடம் கேட்டேன். "அப்பத்தான் மிஸ், இவ அம்மா குவைத்துக்குப் போனா. ஒரு மாசம் சோறே இறங்கல இவளுக்கு" என்றார்.

ஜூன் 12, புதன்

தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். என் ஊசிமுனை தேடும் அதே கோட்டைத்தான் தொல்லியலாளர்கள் மண்ணுக்குள் கிடைத்த பற்களில் தேடுகிறார்கள். புனேக்குப் பக்கத்தில் இனாம்காவ் என்ற ஊர். மூவாயிரம் வருடங்களுக்கு முன் அங்கே இறந்த குழந்தைகளை இரண்டு தாழிகளை வாயோடு வாய் பொருத்தி அவற்றுள் வைத்து, வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்திருக்கிறார்கள். பிள்ளை வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று நினைத்திருப்பார்களோ? டெக்கான் கல்லூரிக்காரர்கள் தோண்டியெடுத்த அந்த எலும்புகளை க்வென் ராபின்ஸ் ஷுக் அளந்து 2011-இல் ஒரு புத்தகம் எழுதினார். பல்லின் வளர்ச்சியை வைத்து வயதைக் கணித்து, தொடை எலும்பு அந்த வயதுக்கேற்ற நீளமும் பருமனும் கொண்டதா என்று பார்க்கும் முறை. ஊரின் கடைசிக் காலத்துப் பிள்ளைகள் மெலிந்து போயிருந்தார்கள்.

கண்குழியின் மேற்கூரையையும் பார்ப்பார்களாம். இரத்தசோகை நீடித்தால் அங்கே கடற்பஞ்சுபோல் பொடித் துளைகள் விழலாம். கொக்கிப்புழு ஞாபகம் வந்தது. ரொக்பெல்லர் நிறுவனம் 1916-இல் மாத்தளைத் தோட்டங்களில் புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, வெறுங்காலோடு மலையேறிய நம் பாட்டன் பாட்டிகளின் இரத்தம்தான் அதற்கு இரையாகிக்கொண்டிருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

தோட்டத்துக்கு, அம்மாவிடம் வந்தேன். லய வீட்டு வரிசைக்குப் பின்னால் தேயிலை. இந்தச் செடிக்கு அமில மண்தான் பிடிக்கும். அதே அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். பிஞ்சு எலும்பென்றால் இன்னும் சீக்கிரம். ஆனாலும் இந்த நாட்டின் பாஹியன்கல குகையில் முப்பதாயிரம் வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு சிறு பிள்ளையின் எலும்பும் அதனோடு கைக்குழந்தைகளின் எலும்பும் கிடைத்தன. நூறு வருடத்துக்கு முன் இந்த மலையில் புதைத்த பிள்ளையைத் தோண்டினால் என்ன கிடைக்கும்? இதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

ஜூன் 21, வெள்ளி. பொசன் போயா

அக்காவோடு எல்ல என்ற ஊருக்குப் போனேன். இராவணன் குகைக்கு ஏறும் படிகளில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம். பி. ஈ. பி. தெரணியகல 1940-களில் தோண்டி மனித எலும்பு எடுத்த குகை இது. அவர் பலாங்கொடை மனிதன் என்று பெயரிட்ட அந்த ஆதி மக்களில் ஆண்கள் சராசரி 174 சென்ரிமீற்றர் உயரம் என்று கணக்கு. எங்கள் லயத்தில் அந்த உயரத்துக்கு ஒருவரும் இல்லை. 2016-இல் நடந்த நாடு தழுவிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 17.

குகை வாசலில் வெயில் பட அக்கா சிரித்தாள். கோரைப்பல்லில் அந்தக் கோடு. முப்பது வருடமாகப் பார்த்த பல். ஒரு நாளும் அளக்கத் தோன்றியதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அளந்தேன். மேல் கோரைப்பற்கள் இரண்டிலும் ஏறக்குறைய நடுவில், ஒரே உயரத்தில் கோடு. மூன்று வயதுக் கணக்கு. அக்கா பிறந்தது 1971.

"எழுபத்துநாலு" என்றார் அம்மா, நான் சொல்லும் முன்பே. "மாவு இல்ல, அரிசி இல்ல. மரவள்ளிக்கிழங்கு கெடச்சா அன்னிக்குப் பெரிய நாளு. இவளுக்கு வயிறு ஊதிப்போச்சு."

1992-இல் ஜேம்ஸ் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கோடு விழுந்த பல், அந்த நோயைத் தாண்டிப் பிழைத்த பிள்ளையின் பல். தாங்காத பிள்ளைக்குக் கோடு விழவே நேரமில்லை. படித்தபோது தலையால் புரிந்த விஷயம். இன்று அக்காவின் வாய்க்கு முன்னால் ஊசிமுனையோடு உட்கார்ந்திருந்தபோது, பெயர்கூட வைக்காமல் போன, அக்காவுக்குத் தம்பியானவனைப் பற்றி முதன்முறையாகக் கேட்டேன். எனக்கு நாலு வருடம் மூத்தவன். நான் பார்க்காதவன்.

அம்மா வாசலுக்கு வந்து, மேல்மலைக்குப் போகும் படிக்கு இடப்பக்கம் மூன்றாவது நிரையைக் காட்டினார். அந்த நிரையில் எத்தனையோ வருடம் கொழுந்து எடுத்திருக்கிறார்.

"எட்டு மாசம். கீழ ரெண்டு பல்லு முளைச்சிருந்துச்சு. பால் குடிக்கையில கடிப்பான்."

அந்த இரண்டு பல்லையும் அக்காவின் பல் அட்டைக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: கீழ் முன் பால்பல், இடது, வலது.